ஆக்ஸலோட்டலின் பூவில் பஞ்சு கண்டால், முதலில் வெப்பமானியைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஆக்ஸலோட்டல் வளர்க்கிறவர்களும், பிள்ளை கேட்டு அடம்பிடிப்பதால் வாங்க யோசிக்கிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்கள் பகிர்ந்துவிட்டாலே பெரிய உதவி.

இந்தக் கச்சான் காலம் தொடங்கியதில் இருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று ஆக்ஸலோட்டல்கள் வந்துவிட்டன. மூன்றும் வருத்தத்தோடுதான் வந்தன. நாங்கள் மிருக வைத்தியர்கள் அல்ல. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறோம், வீட்டில் நெடுங்காலமாக மீன் தொட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனாலும் ஊரில் இதற்கென்று கேட்கப் போக வேறு ஆள் இல்லாததால் பிள்ளைகள் "சேர்ட வீட்ட கொண்டு போவம்" என்று வந்துவிடுகிறார்கள். மூன்றில் இரண்டு தப்பியது. ஒன்று தப்பவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆக்ஸலோட்டல் மீன் அல்ல. கடையில் "நடக்கும் மீன்" என்று சொல்லி விற்கிறார்கள், அது விற்பனைப் பேச்சு. தவளை, தேரையைப் போல இதுவும் ஒரு ஈரூடகவாழி, சலமந்தர் இனம். வாற்பேத்தை வளர்ந்து வால் போய்க் கரைக்கு ஏறுவதைத் தரம் ஆறிலேயே படிக்கிறோம் அல்லவா? இந்தச் சீவன் அப்படி ஏறுவதில்லை. குஞ்சுப் பருவத்து உருவத்தோடேயே வளர்ந்து, முட்டையிட்டு, வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும். 2021இல் மைன்கிராப்ட் விளையாட்டுக்குள் இதைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு இதன் பெயர் தண்ணிபட்ட பாடு.

தலைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு கிளைகள் நிற்கும். ஒவ்வொரு கிளையிலும் கோழி இறகு போலச் சிவந்த இழைகள். அதுதான் அதன் பூ. சந்தையில் பாரை மீன் வாங்கும்போது மூடியைக் கிளப்பிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதே பூதான். செவுள் என்றும் சொல்வார்கள். மீனுக்கு அதை மூட ஒரு மூடி இருக்கிறது. ஆக்ஸலோட்டலுக்கு மூடி இல்லை, பூ முழுவதும் வெளியே நிற்கிறது. தண்ணீரில் என்ன பிழை இருந்தாலும் முதல் அடி அதற்குத்தான் விழும்.

முதலாவதாக வந்தது தரம் 9 படிக்கும் ஒரு மகனுடையது. வாப்பா கட்டாரில். போன பெருநாளைக்கு அனுப்பிய சல்லியில் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது. ஐஸ்கிரீம் வாளி ஒன்றுக்குள் வைத்து, மூடியில் ஆணியால் துளை போட்டு, சைக்கிளில் கொண்டு வந்தான். கூட வந்த உம்மா வாசலிலேயே நின்று, "வாயில்லாத சீவன் சேர், ரெண்டு நாளா ஒண்டும் தின்னுதில்ல, பாக்க ஏலாம கிடக்கு" என்றார். பார்த்தோம். வலப்பக்கப் பூவின் இரண்டு கிளைகளில் பஞ்சு சுற்றியது போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இழைகள் பாதிக்கு மேல் இல்லை. மிச்சம் இருந்ததும் சிவப்பு வெளிறி, நுனி கறுத்துப் போயிருந்தது. வால் நுனி கொக்கி போல மடிந்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து காற்றைக் குடித்தது.

மகனின் கையில் ஒரு சின்ன நீலப் போத்தல். விற்ற கடையில் கேட்டபோது "இதில பத்துத் துளி விடு, சரியாயிடும்" என்று கொடுத்தார்களாம். விட்டும் இருக்கிறான். சரியாகவில்லை.

நாங்கள் போத்தலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த வாளிக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தோம். 30.5 பாகை.

இந்தச் சீவனுக்கு உகந்தது 16 முதல் 18 பாகை வரைதான். 20 வரை பரவாயில்லை. 24க்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் உடம்பு தாங்காது. பஞ்சு போலத் தெரிகிற பங்கசு பெரும்பாலும் சப்ரோலெக்னியா வகை. அதன் வித்திகள் எல்லாத் தண்ணீரிலும் இருக்கும், எங்கள் கிணற்றிலும் இருக்கும். திடமாக இருக்கிற உயிரில் அது ஒட்டாது. தோலில் காயம் பட்டால், உடம்பு சோர்ந்தால் பிடித்துக்கொள்ளும். (உயர்தரப் பிள்ளைகள் கவனிக்க: சப்ரோலெக்னியாவைப் பங்கசு என்று பழக்கத்தில் சொல்கிறோம். கலச்சுவரில் கைட்டின் இல்லை, செலுலோசுதான். உண்மையான பங்கசுக் கூட்டத்துக்கு அது வெளியாள்.)

சூடு ஏன் இவ்வளவு கெடுதி என்று அந்த மகனுக்கு மேசையில் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினோம். 18 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9.5 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 7.6தான். தண்ணீரில் மூச்சு குறைகிறது. அதே நேரம் சூட்டினால் உடம்பின் வேலை கூடி, அதற்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதன் கழிவில் இருந்து வரும் அமோனியாவும் சும்மா இருப்பதில்லை. ஒரே அளவு அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு, 18 பாகையை விட 30 பாகையில் இரண்டு மடங்கைத் தாண்டும். அந்த நஞ்சுதான் பூ இழைகளை எரிக்கிறது. எரிந்த இடத்தில் பூஞ்சணம் குடியேறுகிறது. அப்படியானால் பஞ்சை மட்டும் கழற்றி என்ன பயன்? இன்றைக்குக் கழன்றால் நாளன்றைக்குத் திரும்ப வரும். மகன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வருத்தம் தண்ணிக்குத்தான் சேர்" என்றான். அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறோம். அவன் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டான்.

இனி என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம்.

தொட்டியில் இருந்து எடுத்து, சவர்க்காரம் படாத வெறும் பேசின் ஒன்றில் தனியாக விட்டோம். கல், மணல், வடிகட்டி எதுவும் இல்லை. உயிர் மூடும் அளவுக்குத் தண்ணீர், ஒளிந்துகொள்ள உடைந்த பூச்சாடி ஒன்று. பேசினை மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் ரெஜிபோம் ஐஸ் பெட்டிக்குள் இறக்கி வைத்தோம். (பெட்டியை இரவல் தந்த காக்காவுக்கு நன்றி. மீன் வாடை போக மூன்று தடவை கழுவ வேண்டி வந்தது.) ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் நீர் நிரப்பி உறைய வைத்து, ஒவ்வொன்றாக அந்தப் பேசினில் மிதக்க விட்டோம். சுபஹுக்கு எழும்பும்போது ஒன்று, லுஹருக்கு ஒன்று, மஃரிபுக்கு ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. ஐஸ் கட்டியை நேரே தண்ணீருக்குள் போடக் கூடாது. மீன் சந்தை ஐஸ் என்றால் நினைக்கவே வேண்டாம்.

குளிர்விப்பதிலும் அவசரம் கூடாது. முதல் நாள் இரவு 26, அடுத்த நாள் 22, மூன்றாம் நாள் 19. இணையத்தில் சிலர் நேரே குளிர்சாதனப் பெட்டிக்குள், 5 முதல் 8 பாகையில் வைக்கச் சொல்கிறார்கள். குளிர்நாட்டில் 20 பாகையில் வளர்கிற ஆக்ஸலோட்டலுக்கு அது ஒருவேளை சரி வரலாம். 30 பாகையில் இருந்ததை ஒரேயடியாக அங்கே தள்ளினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். அதோடு எங்கள் ஊரில் எந்த உம்மா கறிச்சட்டிக்குப் பக்கத்தில் அதை வைக்க விடுவார்?

மின்விசிறியை நீர்ப்பரப்புக்குக் குறுக்கே வீச விட்டாலும் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான், ஆவியாதல். கச்சான் காற்று வறண்டது என்பதால் இப்போது இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. வாடைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், இந்த வித்தை அவ்வளவு பலிக்காது.

தண்ணீரை நாளாந்தம் முழுவதுமாக மாற்றினோம். புதுத் தண்ணீரையும் முதலே அதே குளிருக்குக் கொண்டு வந்துதான் மாற்ற வேண்டும். நாங்கள் பாவித்தது கிணற்றுத் தண்ணீர். எங்கள் கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் வன்மையானது, கேத்தலில் வெள்ளை படிகிற தண்ணீர். ஆச்சரியம் என்னவென்றால் ஆக்ஸலோட்டலுக்கு அந்த வன்மை நல்லது. உவர் ஏறிய கிணறு மட்டும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் அகன்ற வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துக் குளோரின் போக விடுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் போடுங்கள். அதில் இருப்பது சோடியம் தயோசல்பேற்று.

மருந்து என்று நாங்கள் கொடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் கொடுத்தது பிளேன்டீ. சீனி, இஞ்சி, வாசனை எதுவும் சேராத வெறும் கறுப்புத் தேயிலைப் பை ஒன்றைக் கொதிநீரில் ஊறவைத்து, நன்றாக ஆறவிட்டு, பத்து லீற்றர் தண்ணீருக்குக் கலந்தோம். தேயிலையில் இருக்கும் தனின் தோலைக் கொஞ்சம் இறுக்கி, பூஞ்சணம் பரவுவதைத் தடுக்கும் என்று ஆக்ஸலோட்டல் வளர்ப்பவர்கள் பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு எங்களுக்கு இது தெரியாமல் இருந்ததே என்று வீட்டில் ஒரே பகிடி. பஞ்சு இலேசாக இருந்தால் குளிரும் சுத்தமும் இந்தத் தேத்தண்ணீரும் போதும்.

இவனுடையது தடித்திருந்தது. அதனால் உப்புக் குளிப்பும் செய்தோம். ஒரு லீற்றருக்கு மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்பு, தண்ணீர் அதே குளிரில், பத்து நிமிடம், நாளுக்கு ஒரு தடவை, மூன்று நாட்கள். பதினைந்து நிமிடத்தைத் தாண்டவே கூடாது, தாண்டினால் உப்பே பூவையும் தோலையும் அரிக்கும். கடையில் பக்கற்றில் வரும் தூள் உப்பில் அயடீன் சேர்த்திருக்கிறார்கள், அதை விட்டு அயடீன் சேராத கட்டி உப்பு தேடி எடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். துள்ளினால், தலைகீழானால் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விட வேண்டும். நாங்கள் மகனின் கையில் மணிக்கூட்டைக் கொடுத்தோம். பத்து நிமிடமும் அவன் மூச்சு விட்டானோ தெரியாது.

நான்காம் நாள் பஞ்சு மெலிந்தது. ஆறாம் நாள் காலையில் பேசின் அடியில் நூல் நூலாக உதிர்ந்து கிடந்தது. ஏழாம் நாள் மண்புழு ஒன்றைத் தின்றது. மண்புழு கிணற்றடி வாழைப் பாத்தியில் தோண்டியது. பசளையும் பூச்சிமருந்தும் போட்ட மண்ணில் தோண்டாதீர்கள்.

இப்போது செய்யக் கூடாதவை. பஞ்சை விரலாலோ சாமணத்தாலோ பிடுங்காதீர்கள், அதோடு இழையும் வரும். மீனுக்கென்று விற்கும் பச்சை மருந்து, மலகைட் கிரீன், இதற்கு நஞ்சு. செப்புச் சேர்ந்த மருந்தும் அப்படியே. இந்தச் சீவன் பூவால் மட்டும் சுவாசிப்பதில்லை, தோலாலும் சுவாசிக்கும், சுவாசப்பையும் இருக்கிறது. தோல் வழியே மருந்து நேரே உள்ளே போகும். மகன் கொண்டு வந்த நீலப் போத்தல் மெதிலீன் புளூ. அது முற்றாகத் தவறான மருந்து அல்ல, ஆனால் மிக மெல்லிய அளவில், தனிப் பாத்திரத்தில், தெரிந்தவர் சொல்லிப் பாவிக்க வேண்டியது. தொட்டிக்குள் ஊற்றினால் கழிவை உடைக்கும் நல்ல பற்றீரியாக்களையும் அழித்துவிடும், அமோனியா ஏறும், பூ இன்னும் எரியும். 30 பாகைத் தண்ணீரில் எந்த மருந்தை விட்டும் பயனில்லை. கையில் சனிடைசர், அத்தர், கொசு எண்ணெய் பூசியிருந்தால் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சணமும் அல்ல. பஞ்சு மாதிரி நூல் நூலாக நின்றால் பூஞ்சணம். தட்டையாகச் சாம்பல் நிறத்தில் படர்ந்து, சுற்றிலும் சிவந்து, ஒரு நாளுக்குள்ளேயே பெருத்தால் அது பற்றீரியாவாக இருக்கலாம். அதற்கு உப்பும் தேயிலையும் போதாது, மிருக வைத்தியரிடம் போக வேண்டும். அசையாமல் இருக்கும்போது பூ வெளிறுவதும், நீந்தும்போது சிவப்பதும் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவதாக வந்தது அடுத்த தெருவில் ஒரு ராத்தா வீட்டில் வளர்ந்தது. பூஞ்சணமே இல்லை. ஆனால் ஆறு கிளையிலும் இழை என்று ஒன்றும் இல்லை, குச்சி குச்சியாக நின்றது. ராத்தா பயந்துபோய்ப் புற்றுநோயா என்று கேட்டார். தொட்டியில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டோம். நாலு கோல்ட் பிஷ். பிறகு என்ன, சிவந்து ஆடுகிற இழையைப் புழு என்று நினைத்து மீன்கள் கொத்தித் தின்றிருக்கின்றன. மீனைப் பிரித்தோம். வடிகட்டியின் நீரோட்டமும் பலமாக இருந்தது, அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டோம். ஓடுகிற ஆற்றில் வாழும் உயிர் அல்ல இது, நீரோட்டம் கூடினால் பூ முன்பக்கம் வளைந்து நிற்கும். அந்த அறையில் ஏசி இருந்ததால் குளிருக்குச் சிரமம் இல்லை. மருந்து ஒரு துளியும் கொடுக்கவில்லை. மூன்றாம் கிழமை குச்சிகளில் ரோமம் போலச் சிவப்பு முளைத்தது. இரண்டு மாதத்தில் சுப்ஹானல்லாஹ், பழைய அழகு. கால், வால், பூ எது போனாலும் திரும்ப முளைக்கச் செய்யும் ஆற்றல் இதற்கு உண்டு. அதற்காகத்தான் உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் வளர்க்கிறார்கள். 2018இல் இதன் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்தபோது அது மனிதனுடையதை விடப் பத்து மடங்கு நீளம் என்று கண்டார்கள். ஆனால் தண்ணீர் சரியாக இருந்தால்தான் அந்த ஆற்றலும் வேலை செய்யும்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் எழுத மனம் இல்லை. தகரக் கூரை வீடு, யன்னலோரம் தொட்டி, தண்ணீர் 32 பாகை. பூ ஆறும் பஞ்சுக்குள் மூடியிருந்தது. அஸருக்குப் பிறகு கொண்டு வந்தார்கள், இரவு முழுக்க மெல்ல மெல்லக் குளிர்வித்தோம், விடியும் முன் அசைவு நின்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை காலையில் பாடசாலைச் சீருடையோடு வந்து கேற்றில் நின்றது. அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? குளிரான தண்ணீர் வேண்டும் என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதன் சொந்த ஊர் மெக்ஸிகோ நகரத்தில் உள்ள சொச்சிமில்கோ என்ற ஏரியும் வாய்க்கால்களும். கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீற்றருக்கு மேலே. எங்கள் நுவரெலியாவே 1,900 மீற்றரைத் தொடாது. நுவரெலியாவை விட உயரத்தில் பிறந்த உயிரைக் கொண்டு வந்து கடற்கரை மணலில் வைத்திருக்கிறோம். அங்கேயும் அதன் நிலை சரியில்லை. 1998இல் ஒரு சதுர கிலோமீற்றருக்கு 6,000 என்று கணித்த இடத்தில் 2014இல் 36தான் இருந்தது. நகரத்துக் கழிவுநீரும், கொண்டு வந்து விட்ட திலாப்பியா, கெண்டை மீன்களும் காரணம். நாங்கள் தொட்டியில் வைத்திருப்பவை தொட்டியிலேயே பல தலைமுறையாகப் பெருகியவை.

பராமரிக்க முடியாமல் போனால் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். சூட்டில் அது சாகும். சாகும் முன் அதில் உள்ள நோயை எங்கள் தவளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவுஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் சில தவளை இனங்களை இல்லாமலே ஆக்கியது கைற்றிட் என்ற ஒரு பங்கசுதான். வருத்தமான தொட்டித் தண்ணீரையும் வயல் வாய்க்காலுக்கு ஊற்றாமல் மலசலகூடத்தில் ஊற்றுங்கள்.

தரம் 9 மகனின் விசயத்துக்கு வருவோம். சுகமான பிறகு அவனையே ஒரு கணக்குப் போடச் சொன்னோம். நாளுக்கு நாலு போத்தல் ஐஸ், இரவு பகலாக விசிறி, மின்சாரப் பட்டியல், கரண்ட் போனால் என்ன செய்வது, சோதனைக் காலத்தில் யார் பார்ப்பது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் இருக்கிறது, விலையைக் கேட்ட உம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, வெலிமடையில் சாச்சி இருக்கிறா, அங்கே அனுப்பட்டுமா என்று அவனே கேட்டான். வாப்பாவிடம் வீடியோ அழைப்பில் சொல்லிவிட்டானாம். வாப்பா, "நான் உனக்குத்தானே வாங்கித் தந்தது மகன், உனக்குச் சரியெண்டா சரி" என்றாராம்.

அதிகாலை பதுளை பஸ்ஸில், அதே ரெஜிபோம் பெட்டியில், இரண்டு உறைந்த போத்தலோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சாச்சி வீட்டுக் குசினிப் பக்கம் வைத்த தொட்டியில் ஐஸ் இல்லாமலே 19 பாகை காட்டுகிறது. வலப்பக்க இழைகள் முக்கால்வாசி வந்துவிட்டன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் வருகிறது, அதை எங்களுக்கும் அனுப்புகிறான்.

கரையோரத்தில் இருந்துகொண்டு புதிதாக வாங்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் பதில்: அறை முழு நேரமும் குளிராக இருக்க வழி இல்லையென்றால் வாங்காதீர்கள். பிள்ளை அழுதால் கப்பி வாங்கிக் கொடுங்கள், எங்கள் வெயிலில் சந்தோசமாகக் குட்டி போடும். ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு வெப்பமானி வாங்கித் தொட்டியில் ஒட்டுங்கள்.

இன்பொக்ஸில் படம் அனுப்பிக் கேட்கிறவர்கள், பூவின் படத்தோடு அந்த வெப்பமானியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இஷாவுக்குப் பிறகு பார்த்துப் பதில் போடுகிறோம், இன்ஷா அல்லாஹ்.